நாவல் மரத்துக்கு ஒரு வட்டம்

மலையடிக் காட்டில், காய்ந்த ஓடை ஒன்றின் கரையில், தும்பை என்ற ஆமை இருந்தாள். சூரைமுள் புதருக்கு அடியில் அவளுக்கு ஒரு குழி. இரண்டு ஆமைகள் படுக்கும் குழி அது. ஆனால் படுப்பது ஒருத்திதான்.

இன்னொரு பாதி அவளுடைய அக்கா நொச்சியின் இடம். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஓடையில் வெள்ளம் வந்தது. கரையோரம் நின்ற நாவல் மரத்தை வேரோடு சாய்த்தது. மரத்தடியில் இருந்த நொச்சியையும் அடித்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகும் தும்பை குழியின் ஓரமாகத்தான் படுப்பாள். நடுவில் படுத்துவிட்டால் அக்கா வரும்போது இடம் இருக்காதே!

தினமும் விடிந்ததும் ஓடை போகும் திசையைப் பார்ப்பாள். "எங்கே இருக்கே அக்கா? இருக்கியா?" என்று கேட்பாள். ஓடையா பதில் சொல்லும்?

ஆனி மாதத்தில் ஒரு நாள் கொக்கு ஒன்று பறந்து வந்து மணலில் இறங்கியது.

"தும்பைங்கிறது நீதானா?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"இந்த ஓடையில கீழே இறங்கிப் போனா ஒரு பெரிய பாறை வரும். பாறைக்குப் பின்னால ஒரு நாவ மரம். அங்கே உங்கக்கா இருக்கா!"

தும்பை சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளேயே கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்காளா?"

"உயிரோட இருக்கா. வெள்ளத்துல பாறையில மோதி ஓடு விரிசல் விட்டுப்போச்சு. பத்து அடி நடந்தா பாதிப் பொழுது படுத்துக்கணும். அவளால இவ்வளவு தூரம் வர முடியாது. 'பழம் உதிர ஆரம்பிச்சிடுச்சு, தங்கச்சிய வரச் சொல்லு'ன்னா."

நாவல் பழம் என்றால் அக்கா தங்கை இருவருக்கும் உயிர். ஒரே பழத்தை ஆளுக்கொரு பக்கம் கடிப்பார்கள். கடித்துக்கொண்டே வந்து கடைசியில் மூக்கும் மூக்கும் இடித்துக்கொள்ளும். இரண்டு வருடமாகத் தும்பையின் மூக்கை யாரும் இடிக்கவில்லை.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"எனக்கு நாலு சிறகடி. உனக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன நடந்தா வந்தேன்!"

சொல்லிவிட்டுக் கொக்கு போய்விட்டது.

தும்பை யோசித்தாள். ஓடை மணலிலேயே நடந்தால் வழி தவறாது. ஆனால் இரண்டு பக்கமும் கரை செங்குத்து. நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால் மேலே ஏற முடியாது. அக்காவைக் கொண்டுபோன வெள்ளம் தங்கையையும் கொண்டுபோய்விடும்.

"தூரம் மட்டும் தெரிஞ்சா போதும். மழைக்குள்ள போய்ச் சேர முடியுமான்னு பார்த்துக்கலாமே!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"நான் சொல்றேன்!" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

குல்லாயன் என்ற குரங்கு கிளையில் உட்கார்ந்திருந்தான். அவன் இடது கையில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு தூங்கினோம் என்று பார்க்க மனிதர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்களே, அந்த ஃபிட்னஸ் பேண்ட். மலைச்சாலைக் கடையில் பஜ்ஜி தின்ன ஒருவர் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். குல்லாயன் பஜ்ஜியையும் எடுத்துக்கொண்டான், பட்டையையும் எடுத்துக்கொண்டான்.

"இது பொய்யே சொல்லாது ஆமையக்கா! மனுசங்க இதைக் கேட்டுத்தான் நடக்கிறாங்க. இதைக் கேட்டுத்தான் நல்லாத் தூங்கினோமான்னே தெரிஞ்சுக்கிறாங்க!"

"தூரம் சொல்லுமா?"

"இதோ, இந்த வட்டத்தைப் பாரு. நடக்க நடக்கப் பச்சையா நிறையும். முழுசா நிறைஞ்சா கிர்ர்னு துடிச்சு வாணவேடிக்கை காட்டும். நேத்து நான் அந்த நாவ மரத்துக்குத்தான் போனேன். கிளையில உக்காந்து பழம் பறிச்சுக்கிட்டு இருக்கேன், கிர்ர்! ஆக, இங்கேயிருந்து அங்கே சரியா ஒரு வட்டம்!"

"எங்கக்காவைப் பார்த்தியா?"

"நான் எங்கே கீழே பார்த்தேன்? பழத்தைத்தான் பார்த்தேன்!"

அவன் நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது. தும்பை அந்த நாக்கையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

குல்லாயன் கெட்டவன் இல்லை. தான் நம்பியதைத்தான் சொன்னான். பட்டையைக் கழற்றித் தும்பையின் முன்னங்காலில் இறுக்கிக் கட்டியும் விட்டான். "வட்டம் பாதி நிறைஞ்சா பாதி வழி. மழை வர்ற மாதிரி இருந்தா அதைப் பார்த்து முடிவு பண்ணு!" என்றான்.

மறுநாள் விடியும்போதே தும்பை புறப்பட்டாள்.

மணல் சுட்டது. அவள் நிற்கவில்லை. உச்சி வேளையில் காலைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தாள். வட்டத்தில் பச்சை மருந்துக்கும் இல்லை! அப்போது பட்டை கிர்ர் என்றது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் படம் ஒன்று வந்தது. அவன் எழுந்து கையை வீசிக் காட்டினான். சும்மா இருந்தது போதும், எழுந்து நட என்று அர்த்தம்.

"நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்றாள் தும்பை. பட்டையிடம் சொல்லி என்ன பயன்? சாயங்காலம் வட்டத்தில் ஒரு நகக்கண் அளவு பச்சை தெரிந்தது. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவின் விரிசல் விட்ட ஓட்டை நினைத்து அசையாமல் கிடந்தாள். விடிந்ததும் பட்டையில் ஒரு நிலாப் படம் சிரித்தது. நன்றாகத் தூங்கினாயாம்!

"நானா தூங்கினேன்?" என்று திகைத்தாள் தும்பை. கொஞ்சம் யோசித்தாள். "தூங்கித்தான் இருப்பேனோ? எனக்குத்தான் தெரியலையோ?"

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்து வட்டத்தைப் பார்த்தாள். நேற்றைய நகக்கண் பச்சையும் போய்விட்டது! விடிந்தால் பட்டை பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கும். ஒரே காலையில் போய்த் திரும்பிய குல்லாயனுக்கு அது எப்படித் தெரியும்? தும்பைக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். மணலில் அவள் நடந்து வந்த தடம் நீளமாகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டும் வரை கிடந்தது. ஆனாலும் அவள் நம்பியது வட்டத்தைத்தான்.

மூன்றாம் நாள் நடந்தாள். நான்காம் நாள் நடந்தாள். பட்டையில் இதயம் போல ஒரு படம் உண்டு. அதன் பக்கத்தில் இரண்டு கோடுகள் மட்டுமே தெரிந்தன. இதயத் துடிப்பு கிடைக்கவில்லையாம்.

"இதயமே இல்லைங்குதா? இல்லாமலா இப்படி அடிச்சுக்குது!" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

ஆறாம் நாள் பிற்பகல். எதிரே ஒரு பெரிய பாறை தெரிந்தது. காற்று திரும்பியது. குப்பென்று நாவல் பழ வாசனை வந்தது!

தும்பை கழுத்தை முழுவதுமாக நீட்டினாள். "அக்கா!" என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் பழக்கதோஷத்தில் பட்டையைப் பார்த்துவிட்டாள். வட்டத்தில் நகக்கண் அளவு பச்சை.

"பாதிகூட வரலை. கால்வாசிகூட வரலை. அப்புறம் எப்படி வாசனை வரும்? இது ஏக்கத்துல வர்ற வாசனை. தூங்கினது தெரியாத எனக்கு வாசனை மட்டும் சரியாத் தெரிஞ்சிடுமா?"

அண்ணாந்து பார்த்தாள். மலை உச்சியில் மேகம் திரண்டிருந்தது. இந்தப் பாறை கொக்கு சொன்ன பாறையாக இருக்க முடியாது. அது இன்னும் எங்கோ கிடக்கிறது. மழைக்குள் போய்ச் சேர முடியாது.

அங்கே நின்று வெகு நேரம் அழுதாள். வாசனை விடாமல் வந்துகொண்டே இருந்தது. அது அவளை இன்னும் அழவைத்தது. பிறகு மெல்ல உடம்பைத் திருப்பி, வந்த வழியே நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சூரைமுள் புதருக்குத் திரும்பி வந்தாள். குல்லாயன் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, பழம் எப்படி?"

"நான் போய்ச் சேரலை குல்லாயா. வட்டம் நிறையவே இல்லை. இந்தா, உன் பட்டை."

குல்லாயனுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அவளுக்குத் துணையாக அன்று முழுவதும் அதே கிளையிலேயே உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருப்பானா? விலாவைச் சொறிந்தான். பேன் பார்த்தான். பக்கத்துக் கிளையில் காய்களைப் பறித்துப் பறித்துக் கீழே போட்டான். மறுபடியும் சொறிந்தான். தும்பை குழியின் ஓரத்தில் படுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பட்டை கிர்ர் என்று துடித்தது. வாணவேடிக்கை காட்டியது.

"பாத்தியா! நிறைஞ்சிடுச்சு!" என்று குல்லாயன் துள்ளினான்.

தும்பை தலையை நீட்டினாள். "எங்கே போய்ச் சேர்ந்தே குல்லாயா?"

"என்னது?"

"ஒரு வட்டம் நிறைஞ்சா நாவ மரம்னு சொன்னியே. நீ கிளையை விட்டு இறங்கவே இல்லையே!"

குல்லாயன் பட்டையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். மெல்லத் தலையைச் சொறிந்தான். சொறியச் சொறியப் பட்டை எண்ணியது. இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. பட்டைக்குத் தூரம் தெரியாது. கை குலுங்கினால் எண்ணும். ஆமையின் காலோ மணலில் ஊன்றி, மெல்ல இழுத்து, மறுபடி ஊன்றும். அதில் குலுக்கல் ஏது?

"அப்போ அந்த வாசனை..." என்றாள் தும்பை.

உடனே புறப்பட்டுவிடலாம் என்று எழுந்தாள். அந்த நேரம் பார்த்து மலைமேல் இடி இடித்தது. விடிவதற்குள் ஓடையில் தண்ணீர் கரை புரண்டது. குல்லாயனின் கூட்டம் மழைக்குப் பயந்து சாலையோரக் கடைகள் பக்கம் போய்விட்டது. வெட்கத்தில் அவன் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பட்டை மட்டும் புதருக்கடியில் சேற்றில் கிடந்தது.

தும்பை காத்திருந்தாள். ஆடி போனது, ஐப்பசி போனது, தை போனது. ஓடை வற்றுவதாக இல்லை. வெள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து வாசனை எதுவும் வரவில்லை. ஆனாலும் அவள் மூக்கை அந்தத் திசையிலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வைகாசியில்தான் ஓடை வற்றியது. மணல் தெரிந்த அன்றே கிளம்பினாள். காலில் ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை. களைத்தபோது நின்றாள். தூக்கம் வந்தபோது தூங்கினாள். திரும்பிப் பார்த்துத் தன் தடத்தை நம்பினாள்.

ஆறாம் நாள் அதே பாறை வந்தது. போன வருடம் நின்று அழுத இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைத் தாண்டினாள். ஒவ்வொரு அடியாகத் தானே எண்ணிக்கொண்டு பாறையைச் சுற்றினாள். நாற்பதாவது அடியில் நாவல் மரம் நின்றது.

நாற்பதே அடிதான்!

மரத்தடியில், விரிசல் விட்ட ஓட்டோடு, நொச்சி படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள்.

"யாரு?"

"நான்தான் அக்கா. தும்பை."

நொச்சி தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கியது.

"போன வருசம் பழக்காலத்துல, பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ அழற சத்தம் கேட்டுச்சு. நீதான்னு நினைச்சேன். உரக்கக் கூப்பிடத் தெம்பில்லை. பாறையைச் சுத்தி வர எனக்கு ரெண்டு நாள் ஆயிடுச்சுடி. வந்து பார்த்தேன். உன் காலடி இருந்துச்சு. பாறை வரைக்கும் வந்து, திரும்பிப் போயிருந்துச்சு."

தும்பை தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைப் பார்க்கப் பிடிக்காமத் திரும்பிட்டியோன்னு ஒரு வருசமா நினைச்சு நினைச்சுக் கிடந்தேன்" என்றாள் நொச்சி.

"இல்லைக்கா! இல்லவே இல்லை! நீ இவ்வளவு கிட்ட இருக்கேன்னு என் மூக்கு சொல்லிச்சு. நான்தான் அதை நம்பலை. காலில கட்டியிருந்ததை நம்பிட்டேன்!"

நடந்ததையெல்லாம் சொன்னாள். பஜ்ஜி, குல்லாயன், வட்டம், வாணவேடிக்கை எல்லாம் சொன்னாள். நிலாப் படம் சிரித்த இடம் வந்தபோது நொச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதாள்.

மரத்தில் அப்போது வெறும் பச்சைக் காய்கள்தான் இருந்தன. பழம் உதிர இன்னும் இருபது நாளாவது ஆகும். இரண்டு பேரும் ஓடும் ஓடும் ஒட்ட மரத்தடியில் படுத்துக் காத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் முதல் பழம் பொத்தென்று விழுந்தது. ஆளுக்கொரு பக்கம் கடித்தார்கள். மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டன.

போன வருடத்துப் பழங்கள் விழுந்தது விழுந்ததுதான்; அவற்றை இனி யாராலும் கொண்டுவர முடியாது.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, கையில் கட்டியது சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதற்காக நம் காலும் மூக்கும் நெஞ்சும் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது.