பல்பு இல்லாத மைக்ராஸ்கோப்

சின்ன மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர். நோயியல் துறைத் தலைவர் அருமைநாயகம் மைக்ராஸ்கோப் பக்கமே போகமாட்டார். ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் போடுவார்.

"புற்றுநோய் மாதிரி இருக்கு, பாருங்க சார்" என்று பயிற்சி மருத்துவர் பர்வீன் கெஞ்சியும், நோயாளி முத்துக்கனியின் மார்புக் கட்டிக்கு 'ஒன்றுமில்லை' என்று கையெழுத்திட்டார். ஒரே வருஷத்தில் முத்துக்கனி செத்தாள். விசாரணை வந்தது.

"ஏம்மா, தப்பு உன்னோடதுன்னு கடிதம் எழுதிக் கொண்டா. இல்லேன்னா பரீட்சை எழுத விடமாட்டேன்" என்றார் அருமைநாயகம் பர்வீனிடம்.

பர்வீன் எழுதி, அன்றைய ரிப்போர்ட்டுகளோடு நீட்டினாள். அவர் வழக்கம்போல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். கடிதம் டீனிடம் போனது.

டீன் சத்தமாக வாசித்தார்: "என் மைக்ராஸ்கோப்பில் இரண்டு வருஷமாகப் பல்பு இல்லை. இப்படிக்கு, அருமைநாயகம்."

"ஐயோ, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்!"

"ஆமா சார்" என்றாள் பர்வீன். "முத்துக்கனிக்கும் அப்படித்தான்."

மறுநாளே புது பல்பு வந்தது. அன்று முத்துக்கனிக்குப் பதினாறாம் நாள் காரியம்.