ராஜாவின் மூக்கு உடைந்த வழக்கு

செங்கானல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. நம் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்திய காலம். விசயதுங்கன் என்ற ராஜா அதை ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் சிரித்தவன் மத்தியானம் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது.

ஒரு நாள் அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கலாசாலை வாசலில் நிற்கும் அவனுடைய பெரிய சிலைக்கு மூக்கைக் காணோம். பீடத்தில் கரியால் ஏதோ கிறுக்கல். பக்கத்திலேயே கையில் கரியோடு பிடிபட்டார்கள் மூன்று மாணவர்கள்: சேந்தன், பூதன், வெண்ணி என்ற பெண்.

பிடித்து வந்தவன் மாளிகை அதிகாரி தண்டராயன். சிலையை எழுப்பியவனும் அவன்தான். "கருங்கல்லில் செதுக்க ஒரு வருஷம் ஆகும்" என்று அமைச்சர் அழகர்நம்பி சொன்னபோது, "ஒரே மாதத்தில் முடிக்கிறேன்" என்று மார்தட்டி, முடித்தும் காட்டியவன். அன்று முதல் அமைச்சரைப் பார்த்தால் மீசையைத் தடவுவான்.

"மகாராஜா, சம்மட்டியால் அடித்தார்கள். என் கண்ணால் பார்த்தேன்!"

"மூன்று பேருக்கும் நாளைக் காலை வலது கையை வெட்டு" என்றான் ராஜா.

அழகர்நம்பி எழுந்தார். "பிரபு, அவர்களுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டாமா?"

"பேசு. தோற்றால் உன் கையும் சேர்ந்து போகும். சம்மதமா?"

"சம்மதம்" என்று அமைச்சர் தம் வாயிலிருந்து வந்த சொல்லை, வேறு யாரோ சொன்னதுபோல அவரே கேட்டார்.

அங்கிருந்து நேராகச் சிறைக்குப் போனார். "பொய் சொல்லாதீர்கள். என் கையும் உங்களோடுதான் இருக்கிறது."

"கரியால் எழுதினோம் ஐயா, அது நிஜம்" என்றாள் வெண்ணி. "மூக்கைத் தொடவே இல்லை. காலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது அதுவாகவே விழுந்தது. பூதன் கால்மேல்தான் விழுந்தது. துண்டுகளை அதிகாரி மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார்."

தேங்காய் அளவு கருங்கல் காலில் விழுந்தால் என்ன ஆகும்? அமைச்சர் குனிந்து பூதனின் காலைப் பார்த்தார். நகத்தில்கூட ஒரு கீறல் இல்லை. அவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால், 'உங்கள் சிலை கல்லே இல்லை' என்று ராஜாவிடம் எப்படிச் சொல்வது? சுரண்டிப் பார்த்தால் அது தனிக் குற்றம். இந்தப் பிள்ளைகள் புளுகியிருந்தால்? அவரால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை சிலையின் முன் ஊரே கூடிவிட்டது. வெட்டுபவன் கத்தியோடு நின்றான்.

"பிரபு, தண்டனை எங்கே போய்விடும்?" என்றார் அமைச்சர். "தங்கள் திருவுருவத்துக்கு நேர்ந்த களங்கத்தை முதலில் கழுவ வேண்டாமா? நூறு குடம் நீரால் அபிஷேகம் செய்வோம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "பேஷ்! கொண்டு வாருங்கள் குடங்களை!"

தண்டராயன் பாய்ந்து வந்தான். "வேண்டாம் மகாராஜா! குளிர்காலம், சிலைக்கு..."

"சிலைக்கு ஜலதோஷம் பிடிக்குமோ?" என்றான் ராஜா. எல்லோரும் சிரித்தார்கள்.

பத்துக் குடம் ஊற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இருபது ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை. முப்பதாவது குடத்தில் தண்டராயனின் கை மெல்ல மீசைக்குப் போனது. சேந்தன் அழ ஆரம்பித்தான்.

நாற்பதாவது குடத்தில் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. அடுத்த குடத்தில் இடது காது பொத்தென்று விழுந்தது. பிறகு மோவாய். உள்ளே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பல்லிளித்தன.

ராஜா முகமில்லாத தன் சிலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மெதுவாகத் திரும்பினான்.

"தண்டராயா, என் மூக்கை உடைத்தவன் நீதானா?"

தண்டராயன் காலில் விழுந்தான்.

"சரி, அந்தக் கிறுக்கல்?" என்று ராஜா பீடத்தைப் பார்த்தான். கரி முழுவதும் கழுவிப் போயிருந்தது.

"எந்தக் கிறுக்கல் பிரபு?" என்றார் அமைச்சர்.

"தப்பித்துக்கொண்டாய்! ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும். பெண்ணே, என்ன எழுதினாய்?"

வெண்ணி நிமிர்ந்து சொன்னாள்: "'ராஜாவே, உங்கள் சிலையைச் சுற்றிப் போட்ட தோட்டத்துக்காக எங்கள் கலாசாலைக் கிணற்றை வற்ற இறைத்துவிட்டார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை' என்று எழுதினோம். முன்பு மூன்று ஓலை அனுப்பினோம். அதிகாரி கிழித்துப் போட்டார்."

ராஜா காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தான். தலை தானாகக் குனிந்தது.

"தோட்டத்துக்கு இனி ஒரு சொட்டு இறைக்கக்கூடாது. கிணறு ஊறும் வரை, தண்டராயா, ஆற்றிலிருந்து இவர்களுக்குத் தண்ணீர் சுமப்பது நீ. உன் தோளில்!" என்றவன், தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சரின் வலது கையில் போட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு வெண்ணி கேட்டாள்: "ஐயா, சாந்துச் சிலை என்று உங்களுக்கு முன்பே நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியாதம்மா."

"அப்படியானால், அது கல்லாக இருந்திருந்தால்?"

"நாலு பேரும் இந்நேரம் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருப்போம்" என்றார் அழகர்நம்பி.