வடமும் வடாமும்

கதைக்கு முன்னாடி உலகமகா தப்பு ஒண்ணைத் திருத்தியாகணும். காக்கா வெயில்ல சுத்திச் சுத்தித்தான் கறுத்துப்போச்சுன்னு எல்லாரும் நம்புறாங்க. சுத்தப் பொய். கொக்கும் அதே வெயில்லதானே நிக்குது? ம் கொட்டு.

"ம்."

ஒரு ஊர்ல, வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர்ல, ஒரு ராஜா. பேரு ஆதித்த பூபதி. ஆதித்தன்னா சூரியன். ஆனா இவரு மேல சூரியன் பட்டதே இல்ல. "வெயில் விஷம், தோல் வெந்துரும்"னு அரண்மனைப் பெரிய வைத்தியர் பயமுறுத்தி வெச்சிருந்தாரு. ராஜா வாசப்படி தாண்டினா படக் படக்னு ஏழு குடை விரியும். வெயில் பாவம், குடை மேலயே உக்காந்துட்டுத் திரும்பிப் போயிடும்.

அப்புறம் ராஜா முள்ளங்கியாட்டம் வெளுத்துட்டாரு. எலும்புல வலு இல்ல. எந்திரிச்சா முட்டி மடக் மடக்குங்குது. சித்திரை பொறந்தா தேரு. ராஜா நடந்து வந்து வடம் புடிச்சாத்தான் தேர் நகரும். இல்லேன்னா சாமிக்கு அந்த வருஷம் ஊர்வலமே இல்ல.

அப்போ சின்ன வைத்தியர் சொன்னாரு: "வெயில் அமிர்தம், மகாராஜா! எலும்புக்கு அதுதான் உரம்."

கொஞ்சம் அமிர்தம் நல்லதுன்னா நெறைய அமிர்தம் இன்னும் நல்லதுதானேன்னு ராஜா உச்சிவெயில்ல மொட்டை மாடியில மல்லாந்துட்டாரு. சுர்ர்ர்! நெஞ்சு தக்காளியாச் செவந்து, பொரபொரன்னு தோல் உரிஞ்சுது.

"நான் அப்பவே சொன்னேனே"ன்னாரு பெரியவர். "எலும்பு எப்படியிருக்கு?"ன்னாரு சின்னவர். ராஜா "ஐயோ"ன்னாரு.

"ம்..."

தோல் ஆறினப்புறம் ராணி மங்கையம்மா ஒரு குச்சியோட வந்தாங்க. "ஏங்க, வடம் இழுக்கத் தெம்பில்ல. வடாமுக்காவது காவல் இருங்க. காக்கா தொல்லை தாங்கல."

"எவ்வளவு நேரம்?"

"வடாம் விரல்ல ஒட்டாம வர்ற வரைக்கும். அதுக்கு மேலயும் உக்காந்தா நீங்களும் வத்தல்தான். நிழலுக்கு வந்துடுங்க."

தினமும் ராஜா "ச்சூ! ஹேய்!"னு காக்காவை வெரட்டினாரு. மொதல்ல முட்டி மடக். அப்புறம் மெல்லமா மடக். அப்புறம் சத்தமே காணோம்.

தேரன்னைக்கு ராஜா நடந்தே வந்தாரு. நெறம் கொஞ்சம் மங்கித்தான் இருந்துச்சு. தேர் அதைப் பாக்கல. வடம் புடிச்சதும் கடகடகடன்னு நகந்துது. பெரியவர் "எல்லாம் என் நிழல்"ன்னாரு. சின்னவர் "எல்லாம் என் வெயில்"ன்னாரு. தேர் நிலைக்கு வந்துச்சு, கதையும் நிலைக்கு வந்துச்சு. கண்ணை மூடு.

"காக்கா?"

அந்த வருஷம் அரண்மனைக் காக்காவெல்லாம் இளைச்சுப்போச்சு. தூங்கு.