கூலிக்கு நோட்டீஸ்

சாத்தூர்ல தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெப வீடு. அங்க பாஸ்டர் தபீத்தாள் சிஸ்டர். வயசு முப்பத்தி சொச்சம்தான். அவங்ககிட்ட ஊழியம் கத்துக்க வந்தவர் மனாசே. அம்பது தாண்டிட்டார். பாதி ஆயுசு லாரி, மீதி ஆயுசு பாட்டில்னு இருந்துட்டு, மூணு வருஷம் முன்னாடிதான் ஞானஸ்நானம் எடுத்தார்.

குரு சின்னவங்க, சீஷன் பெரியவர். அங்க யாருக்கும் அது அதிசயமாப் படல. அவர் "சிஸ்டர்"ம்பார், அவங்க "அண்ணே"ம்பாங்க. அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனாசே, ஜனங்களுக்குக் குடுக்குற வேத நோட்டீஸ் இருந்த கைப்பிரதிப் பையைக் கொண்டாந்து வாசப்படியில வச்சார். உள்ள வரல.

"சிஸ்டர், இதை வாங்கிக்கோங்க."

சிஸ்டர் அடுப்புல கெண்டை மீன் பொரிச்சிட்டு இருந்தாங்க. திரும்பிக்கூடப் பாக்கல.

"தீந்துருச்சாண்ணே? அடுத்த கட்டு பீரோ மேல இருக்கு."

"தீரல. நான்தான் தீந்துட்டேன்."

"வெயில் அப்படி. மோர் இருக்கு, எடுத்துக் குடிங்க."

"விளையாடாதீங்க சிஸ்டர். நான் ஆண்டவரைத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறேன்."

இப்பத்தான் சிஸ்டர் திரும்பினாங்க. கையில கரண்டி.

"யார்கிட்ட?"

"வெள்ளரிக்கா விக்கிற ஒரு அம்மாகிட்ட."

மனாசே நின்ன இடத்துலயே நின்னு சொன்னார். பஸ் ஸ்டாண்டுல பிரதி குடுத்துட்டு இருந்திருக்கார். கூடைக்காரம்மா ஒண்ணு வாங்கிச்சாம். இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்துட்டு, "எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா, இதுல என்ன போட்டிருக்கு?"ன்னு கேட்டுச்சாம்.

இப்படி ஒரு ஆள் கேக்கணும்னுதான் மூணு வருஷமா அவர் ஜெபம் பண்ணினது! வாயைத் திறந்தார். திறந்த நேரம் பாத்து எதுத்த டீக்கடை பெஞ்சுல பழைய லாரி செட்டு. குடிச்சுட்டு ரோட்டுல உருண்டு கெடந்தப்ப இவரைத் தூக்கிட்டுப் போன அதே நாலு பேர். கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு இவரையே பாத்துட்டு இருந்தாங்க.

"அதுல ஒருத்தன், 'என்ன சாமியாரே, பிரசங்கம் ஆரம்பமா? மைக்கு வேணுமா?'ன்னான். எல்லாரும் சிரிச்சானுக."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"'எனக்கென்னம்மா தெரியும், கூலிக்கு நோட்டீஸ் குடுக்குறேன்'னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்."

சிஸ்டர் மீனைப் புரட்டிப் போட்டாங்க.

"அதுல என்ன போட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"மனப்பாடம் சிஸ்டர்! விட்டுட்டு ஓடுனவனையும் ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார்னு போட்டிருக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"'கூலிக்கு இந்த வெயில்ல நிக்கிறியே, பாவம்'னு ஒரு வெள்ளரிக்காவ வகுந்து, மொளகாப்பொடி தூவி, கையில குடுத்துச்சு."

"தின்னீங்களா?"

"தின்னேன் சிஸ்டர்! அதைத்தான சொல்றேன். நின்னு முழுசாத் தின்னுட்டேன்!"

சிஸ்டர் பொரிஞ்ச மீனை எடுத்து வச்சாங்க. மனாசே விடல.

"நாளைக்கு ஆராதனையில எல்லாருக்கும் முன்னாடி என்னை எழுப்பி நிறுத்துங்க. அப்பமும் ரசமும் குடுக்குற ராப்போஜனத்துல சேக்காதீங்க. கடைசி வரிசையில உக்கார வைங்க. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, சரின்னு உக்காருறேன். ஆனா எவ்வளவு நாள்னு மட்டும் சொல்லிருங்க."

"கூலி வாங்கினீங்களா?"

"என்னது?"

"கூலிக்குக் குடுக்குறதாச் சொன்னீங்கல்ல. வாங்கினீங்களா?"

"அது பொய் சிஸ்டர். கூலி எங்க இருந்து வரும்?"

"அட, வேலை பாத்த ஆளை வெறும் வயித்தோடயா அனுப்புறது? உள்ள வாங்க."

பாயை விரிச்சாங்க. தட்டு வச்சாங்க. சோறு, புளிக்குழம்பு, ஓரமா ரெண்டு பொரிச்ச மீன்.

மனாசே தட்டைப் பாத்தார், சிஸ்டரைப் பாத்தார். குத்திக் காட்டுறாங்களா, சோறு போடுறாங்களா? அவங்க முகத்துல நக்கலும் இல்ல, கோவமும் இல்ல. அடுப்புச் சூட்டுல வேர்த்திருந்துச்சு, அவ்வளவுதான்.

"இது என்ன சிஸ்டர்?"

"கூலி."

"நான் தண்டனை கேட்டேன்."

"காதுல விழுந்துச்சு. ஆறுது, சாப்பிடுங்க."

அவர் பிசைஞ்சார். ஒரு வாய் வச்சார். கண்ணுல தண்ணி கொட்டுது.

"முள்ளு பாத்துத் தின்னுங்கண்ணே. கெண்டை பொல்லாதது. அழுதுகிட்டே தின்னா தொண்டையில குத்திரும்."

"என்னை மன்னிச்சாச்சா இல்லையா? அதையாச்சும் சொல்லுங்க."

"நான் எதுக்குண்ணே உங்களை மன்னிக்கணும்? என் மீனையா திருடினீங்க?"

"அப்ப யாரு மன்னிக்கணும்? ஆண்டவரா? அந்தம்மாவா?"

"இன்னொரு மீன் வைக்கவா?"

மனாசேவுக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. தட்டைத் தள்ளி வச்சார்.

"நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றீங்க சிஸ்டர்!"

"அந்தம்மாவும் ஒண்ணுதான கேட்டாங்க?"

மனாசே தட்டை இழுத்து, மிச்சத்தைத் தின்னு முடிச்சார். கழுவிக் கவுத்தார். திரும்பினா, சிஸ்டர் கையில அந்தப் பை.

"அந்தம்மா எதுவரைக்கும் அங்க இருப்பாங்க?"

"கூடை காலியாகுற வரைக்கும் இருக்கும்... ஏன்?"

சிஸ்டர் பையை நீட்டினாங்க.

"நானா? மறுபடியும் நானா? சிஸ்டர், அந்த நாலு பேரும் இன்னும் அதே பெஞ்சுலதான் இருப்பானுக."

"இருக்கட்டும்."

"சிரிப்பானுக."

"சிரிக்கட்டும். கூடச் சேந்து சிரிக்காதீங்க."

"அந்தம்மா என்னைக் கூலியாளுன்னு நெனச்சிட்டு இருக்கு."

"ஆமா. தின்னாச்சுல்ல, இனிமே அது பொய்யில்ல."

மனாசேவுக்குத் தலை சுத்துச்சு. கழட்டி விடச் சொல்லி வந்த ஆளை வேலைக்குச் சேத்துட்டாங்களா? எந்தக் கணக்குல?

"வேற யாரையாச்சும் அனுப்புங்க சிஸ்டர். நல்ல சாட்சி உள்ள ஆளா. பொன்னையா பிரதர் போகட்டுமே. அவர் பேசினா ஜனம் அழும்."

"அந்தம்மா பொன்னையா பிரதர்கிட்டயா கேட்டாங்க?"

பையை வாங்கிட்டார். எப்படி வாங்கினார்னு அவருக்கே தெரியல. வாசல்ல போய் ஒரு கால்ல செருப்பை மாட்டினார், இன்னொரு காலை மாட்டல. அப்படியே நின்னார்.

"போனதும் எதை முதல்ல சொல்ல சிஸ்டர்? ஓடிப்போனது நான்தான்னு சொல்லவா? இல்ல, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லவா?"

சிஸ்டர் அடுப்பை அணைச்சாங்க.

"ரெண்டும் வேற வேறயாண்ணே?"