பாயச இலாகா

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் தூக்கம் கெட்டால் சட்டம் மாறுகிற நாடு ஒன்றில், ராஜாவுக்குத் தூக்கம் கெட்டது. ஏரிக்கரை உடைந்து வயலெல்லாம் காய்ந்த குடிகளின் புலம்பல் அந்தப்புரம் வரை கேட்டது.

"நாடு முழுக்கத் தேர்தல் நடக்கட்டும். பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடட்டும். ஜெயித்தவர் அமைச்சராக ஆளட்டும். அடுத்த பௌர்ணமியில் ஒரே ஒரு பிரஜை குறை சொன்னாலும், ஜெயித்தவர் தலை பட்டத்து யானையின் காலடியில்" என்றார் ராஜா.

தலைமை அமைச்சர் மாதேவராயர் அன்றே முதுகுவலி என்று விலகிக்கொண்டார். சபையைச் சிரிக்கவைத்தே பிழைக்கும் சாத்தன்மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல். அவன் பெயரை அவரே ஊரெல்லாம் பரப்பினார். குடத்தைக் கவிழ்த்தால் எல்லா ஓலையிலும் சாத்தன்.

மாதேவராயர் பெரிய மாலை ஒன்றைச் சாத்தன் கையில் கொடுத்தார். "வாழ்த்துகள், அமைச்சரே. கை ஏன் நடுங்குகிறது?"

"மாலை கனம், ஐயா."

புது மாளிகையின் ஜன்னலுக்கு நேர் எதிரே யானைக் கொட்டாரம். யானை அவனை அளவெடுப்பதுபோலப் பார்த்தது. களஞ்சியத்தைத் திறந்தான், எலிகள்கூடக் குடிபெயர்ந்திருந்தன.

முதல் ஆளாக நங்கை என்ற உழத்தி வந்தாள். "ஏரி உடைஞ்சு கிடக்குங்க."

"இனி நீதான் ஏரி அமைச்சர், தாயே" என்றான் சாத்தன்.

அடுத்து வந்தவரும் தன் குறைக்கு அமைச்சர். அதற்கடுத்தவரும். அமைச்சர் என்றால் ராஜாவின் சொந்தச் செலவில் அரண்மனைப் பந்தியில் சாப்பாடு என்பது வழக்கம். சாப்பிட்டுவிட்டு, யாரிடம் போய்ப் புலம்புவதென்று தெரியாமல், ஏரிக் குறை சொல்லி அமைச்சரானவர்கள் தாங்களே மண்வெட்டி எடுத்தார்கள்.

பௌர்ணமி வந்தது. யானையைச் சபை வாசலில் கட்டினார்கள். மாதேவராயர் நங்கையை முன்னே தள்ளினார். "உன் குறையைச் சொல்லம்மா."

"குறையா? கரை பாதி அடைச்சாச்சு. அறிக்கை வேணும்னா தரேன்."

ராயர் முகம் கறுத்தது. "மகாராஜா, நாட்டையே இவன் கெடுத்துவிட்டான். இது என் குறை."

சங்கிலி குலுங்கியது. சாத்தன் கும்பிட்டான். "மன்னிக்க வேண்டும், ராயரே. முதுகுவலி இலாகா நேற்றே தங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அமைச்சர் பிரஜை ஆகமாட்டார்."

"அப்படியானால் பிரஜை என்று யார்தான் மிச்சம்?" என்றார் ராஜா.

"தாங்கள் ஒருவர்தான், பிரபு."

ராஜா வாயைத் திறந்தார். பந்தியில் கூட்டம் தாங்காமல் அவருக்குப் பாயசம் கிடைத்து நாளாகியிருந்தது. சாத்தன் முந்திக்கொண்டான்.

"சொல்லுங்கள், பிரபு. பாயச இலாகா காலியாகத்தான் இருக்கிறது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டுச் சால்வையைப் போர்த்தி, "இன்னும் ஐந்தாண்டு நீயே ஆள்" என்று பரிசளித்தார்.

எல்லாரும் கலைந்தார்கள். யானையை அவிழ்க்கச் சொல்லி மட்டும் யாரும் உத்தரவிடவில்லை.