ஆவுடையாள் அமுக்கிய கிண்ணம்

முன்னுக்குப் பின்னாகச் சொல்லிக் கதையைக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடலாம்.

ஒரு காலத்தில் தாழையூர்ச் சீமையைச் செண்பகமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். குழம்பில் உப்புக் கூடினது என்று சமையல்காரனை யானைக்கொட்டிலுக்கு அனுப்பியவர். அரண்மனை மணியில் பிசகு செய்தால் கையை வெட்டுவது என்பதும் அவர் போட்ட சட்டமே.

அந்த மணியை அடிப்பவள் ஆவுடையாள். ஓட்டைக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. புருஷன் செத்தபின் அவளுக்குக் கஞ்சி ஊற்றியது அந்தக் கிண்ணம்தான்.

பட்டத்துக்கு வந்த பத்தாம் வருஷம், சூரியன் உதிக்கும் வேளையில், ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் ராஜா தாமே பதில் சொல்லவேண்டும். தவறினால் கிரீடம் சித்தப்பாவுக்கு. அந்தப் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

பாடம் சொல்லித்தந்தவர் அரண்மனை ஓலை எழுதும் ராயசம் திருமலையப்பர். "தூங்குகிறவனுக்கு ராஜ்யம் எதற்கு?" என்று நடுநிசியில் மூன்றாம் ஜாம மணி அடிக்கும்வரை ராஜாவை விடமாட்டார். விடிந்து பத்து நாழிகைக்கு எழுப்பும் மணி. முதல் நாளே ஒத்திகைக்காக விடியலிலேயே எழுப்பி, "பெரிய ஏரிக்கு மதகு எத்தனை?" என்று ராயசம் கேட்டார்.

"நாற்பது," என்றார் ராஜா. அது அவருடைய யானைக் கணக்கு.

தலை தொங்க உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஆவுடையாள் நினைத்துக்கொண்டாள். 'பாவம், படித்த ஓலையெல்லாம் தலைக்குள்ளே இருக்கிறது. விழித்துக்கொண்டு எடுத்துத்தர ஆள் இல்லை.'

அன்று ஒரு கிண்ணத்தை அது நிறையும் முன்பே விரலால் அமுக்கினாள். மணி ஒரு நாழிகை முந்தியது. மறுநாளும் ஒன்று அமுக்கினாள், மணி இரண்டு நாழிகை முந்தியது. ஐப்பசி அடைமழை, சூரியனைக் கண்டவர் இல்லை. ராஜா தினம் ஒரு நாழிகை முந்திப் படுத்தார், ஒரு நாழிகை முந்தி எழுந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆவுடையாளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடிக்கடி தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வாள்.

பரீட்சையன்று மழை விட்டது. சூரியன் தலைகாட்டும்போது தமக்குக் கொட்டாவி வரவில்லையே என்று ராஜாவுக்கே ஆச்சரியம். மதகு பதினேழு என்றார். வாய்க்கால் தகராறுக்குத் தீர்ப்புச் சொன்னார். பெரியவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

"மணிக்காரி புண்ணியம்," என்று வெயிலையும் மணியையும் ஒப்பிட்டுப் பார்த்த யாரோ முணுமுணுத்தது ராயசத்தின் காதில் விழுந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, இவள் தினமும் மணியை முந்தி அடித்து உங்களை ஏமாற்றியிருக்கிறாள்."

"உண்மையா, ஆவுடை?"

"உண்மைதான், மகாராஜா. தினம் ஒரு கிண்ணம் நேரம் திருடினேன்."

"திருடியதை எங்கே வைத்தாய்?"

"உங்கள் தலையணைக்கு அடியில்தான். இன்று காலையில் நீங்கள் எடுத்துப் பேசினீர்களே, அதுதான்."

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா, சிரிப்பா என்று சபைக்குப் புரியவில்லை. ஆவுடையாள் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ராயசத்திடம் திரும்பினாள்.

"ஐயாவுக்கு எப்போது தெரிந்தது?"

"ஐந்தாம் நாளே. பாடம் முடித்து வீட்டுக்குப் போனால் கோயில் நடை இன்னும் சாத்தவில்லை. என் கண்ணுக்குத் தப்புமா?"

"அப்புறம் ஏன் ஏழு நாள் சொல்லவில்லை?" என்றார் ராஜா மெதுவாக. "நான் தோற்றால் பழிபோட ஆள் வேண்டுமென்றா?"



"மகாராஜா, பிசகு செய்தவளுக்குக் கை. பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு எது?" என்றாள் ஆவுடையாள்.

ராஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ராயசத்தை யானைக்கொட்டில் கணக்குக்கு அனுப்பினார். "உனக்கு என்ன வேண்டும், ஆவுடை? நிலமா, பொன்னா?"

ஆவுடையாள் யோசித்தாள். இன்றைக்குச் சிரிக்கிறார். நாளைக்குக் குழம்பில் உப்புக் கூடினால்?

"ஒன்றும் வேண்டாம், மகாராஜா. படுக்கை மணியை மட்டும் இனி நீங்களே உங்கள் கையால் அடியுங்கள்."

அன்றுமுதல் இருட்டினதும் ராஜா வந்து நிற்பார். அவள் மணியடிக்கும் கொட்டாப்புளியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

"முந்தியா, பிந்தியா?" என்பார் ராஜா.

"நீங்கள் அடிக்கிறதுதான் நேரம். போய்ப் படுங்கள்," என்பாள்.