பொங்கி வழிந்த பால்

நல்லசிவம் ஆசிரமத்துக்குள் நுழையும்போதே கோபமாகத்தான் வந்தார். செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று போய்த் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

மெய்யம்மை அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் இளையவர்தான். ஆனாலும் நல்லசிவம் அவரைக் குருவாக ஏற்று, அம்மா என்றே அழைப்பார்.

"அம்மா, ஒரே கேள்வி. கேஸ் அடுப்பு நல்லதா, கரண்ட் அடுப்பு நல்லதா?"

"இதுக்கா இவ்வளவு கோபம்?"

"என் பெண்டாட்டி பண்ற அநியாயத்தைக் கேளுங்க. கண்ணாடி வச்ச கரண்ட் அடுப்பு, கூடவே ஓவன், பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். சிலிண்டர் தூக்க வேண்டாம், கரி பிடிக்காது, ஒரு துடை துடைச்சா பளிச்சுன்னு ஆயிடும். வடிவு என்ன பண்ணினா தெரியுமா? அடுப்பு மேல ஊறுகாய் ஜாடி. ஓவனுக்குள்ள வெங்காயம்!"

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் ஆட்டோவில ஏத்தி என் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டேன். தெருவே கேக்கிற மாதிரி கத்தினேன்." குரல் சற்றே இறங்கி, மறுபடி ஏறியது. "ஆனா என் கோபம் அன்னைக்கே தீர்ந்துபோச்சு. மறுநாள் காலையில, 'சரி விடு, காபி போடு'ன்னு நானே போய்ப் பேசினேன். அவ அடுக்களையில காலே வைக்க மாட்டேங்கிறா. இன்னைக்கு வரைக்கும் ஓட்டல் பார்சல்தான். உங்க வார்த்தையை அவ தட்ட மாட்டா. கரண்ட் அடுப்புதான் உசத்தின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மெய்யம்மை கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். மேடைமேல் கேஸ் அடுப்பும் இருந்தது, சுருள் கம்பி வைத்த பழைய கரண்ட் அடுப்பும் இருந்தது. இரண்டிலும் பால் வைத்தார்.

"காய்ச்சுங்க. பொங்கி வரும்போது அணைங்க."

கேஸைப் பற்றவைக்கவே நல்லசிவம் திணறிப்போனார். பால் பொங்கி மேலே வந்தது. குமிழைத் திருகினார். தீ போனது, பால் அப்படியே அடங்கியது.

கரண்ட் அடுப்பிலும் பால் எழும்பியது. சுவிட்சைத் தட்டினார். கம்பி இன்னும் சிவந்தே இருந்தது; பால் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி வழிந்து, கம்பிமேல் கொட்டிச் சுறுசுறுவென்று தீய்ந்தது. பதறிப்போய்ப் பாத்திரத்தைப் பிடித்தவர் விரலைச் சுட்டுக்கொண்டார்.

"அணைச்சிட்டேனே! சுவிட்சைப் பாருங்க!" என்று கத்தினார்.

"அணைச்சது உங்களுக்குத் தெரியும். பாலுக்குத் தெரியாதே."

"அப்போ என்னதான் பண்ணியிருக்கணும்?"

"கீழே இறக்கி வச்சிருக்கணும்."

நல்லசிவம் விரலை ஊதிக்கொண்டே நின்றார். தீய்ந்த வாடை அடுக்களை முழுக்கப் பரவியது. எரிச்சல் அடங்கவில்லை.

"அப்போ கேஸ்தான் நல்லதுங்கிறீங்க."

"இதே கரண்ட் அடுப்புல நான் தினமும் பால் காய்ச்சறேன். ஒரு சொட்டு வழிஞ்சதில்லை." மெய்யம்மை பிடிதுணியை அவர் கையில் திணித்தார். "புது அடுப்பு வாங்கறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டீங்க?"

"கடைக்காரரை. மச்சானை. எதிர்வீட்டு இன்ஜினியரை."

"அப்புறம்?"

"இப்போ உங்களை."

"அப்புறம்?"

நல்லசிவம் மேடையைத் துடைக்க ஆரம்பித்தார். தீய்ந்த பால் லேசில் போவதாக இல்லை. அழுத்தித் தேய்த்தார்.

"சரி, நான் தோத்தேன்," என்றார் கடுப்போடு. "கேஸ் அடுப்பைத் திரும்பக் கொண்டுவந்து வச்சிடறேன். முடிஞ்சுபோச்சா?"

"மறுபடியும் நீங்களேதான் முடிவு பண்றீங்களா?" மெய்யம்மையின் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து நல்லசிவம் கேட்டதே இல்லை.

துணி நின்றது.

"பின்னே வடிவுகிட்ட நான் போய் என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். போய்க் கேளுங்க."